பெயர் கீறிய வெள்ளரிக்காய்

யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் வடிகால் மேற்பார்வையாளராக இருந்த சோதிலிங்கம், 1996இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துச் சூஷிக் கடையொன்றில் பாத்திரம் கழுவினார். கடவுளை நம்பாதவர், கடவுளுக்கு முகவராக வருபவர்களை அதைவிட நம்பாதவர்.

கடையை ஒரு ஜப்பானியரிடம் வாங்கியவர் மலேசியத் தமிழர் விநாயகமூர்த்தி. கடையோடு சாண் உயரக் களிமண் பொம்மை ஒன்றும் வந்தது. தவளை உடம்பு, ஆமை ஓடு, உச்சந்தலையில் நீர் நிற்கும் குழி.

"இது கப்பா," என்று சமையற்காரர் மொரிட்டா சிரித்தார். "ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர். சில ஊர்களில் வீட்டார் பெயரைக் காயில் கீறி ஆற்றில் விடுவார்கள். எங்களைத் தொடாதே என்று அர்த்தம்."

பிள்ளைகள் ஆழத்தில் இறங்காமலிருக்க யாரோ ஒரு புத்திசாலி கட்டிய கதை. விநாயகமூர்த்தியின் கையில் அது மூன்றே நாளில் தெய்வமாயிற்று. நெற்றியில் குங்குமம், வெள்ளிக்கிழமை தோறும் உச்சியில் பால். கடைக்குள் ஆறு இல்லையே! சமையலறைத் தரையிலிருந்த வடிகாலின் மூடியைக் கழற்றி, தன் பெயர் கீறிய வெள்ளரிக்காயை வாரம் ஒன்றாக உள்ளே தள்ளினார்.

"முதலாளி, அது கழிவுத்தண்ணி போற குழாய்."

"உங்களுக்கு எதுலதான் அண்ணே நம்பிக்கை இருக்கு?"

"சாய்வா வைச்சாத் தண்ணி ஓடும் எண்டதில இருக்கு."

நான்காம் வெள்ளி தண்ணீர் ஓடவில்லை, மேலே வந்தது. சோற்றுப் பானையைத் தூக்கி வந்த சுந்தரி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். மறுநாள் சோதிலிங்கத்திடம் தொலைபேசியில் அழுதாள்: "அண்ணை, கடையில விழுந்தது எண்டு நீங்கள் சொல்லாட்டி என்னை ஆர் நம்புவினம்?"

அன்று மத்தியானமே விநாயகமூர்த்தி விபத்து இழப்பீட்டுப் படிவத்தோடு வந்தார். "வீட்டுல விழுந்துச்சுன்னு எழுதி சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. தீட்டோட உள்ள வந்திருக்கா, கப்பா கோவிச்சுக்கிச்சு. இனி அவ வேணாம்."

"கப்பாவுக்கு அப்படி ஒரு விதியே கிடையாது," என்றார் மொரிட்டா, சோதிலிங்கம் ஆங்கிலத்தில் சொன்னதும்.

தீட்டு விசா இல்லாமல் எந்த நாட்டுக்கும் போகும் என்பது சோதிலிங்கத்துக்குத் தெரியும். ஜப்பானியரின் ஆற்றுப் பூதத்தின் தலையிலும் அதை ஏற்றுவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அவருடைய நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கான வேலைக் கடிதம் முதலாளியின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அது போனால் வவுனியாவில் இருக்கும் மனைவியை இப்போதைக்குக் கூப்பிட முடியாது.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்காலிட்டார். வடிகாலுக்குள் தோள்வரை கையை விட்டார். மூன்று காய்கள் கூழாக வந்தன. நான்காவது முழுசாக வந்தது. கழுவிப் பார்த்தார். 'விநாயகமூர்த்தி' என்று ஓரெழுத்தும் பிசகாமல் இருந்தது.

"இதையும் படிவத்தோட குடுக்கப் போறன்."

"உங்க கடிதம் ஞாபகமிருக்கா அண்ணே?"

"இருக்கு."

விழுந்த இடம்: கடைச் சமையலறை. காரணம்: முதலாளி அடைத்த வடிகால். எழுதிக் கையெழுத்து வைத்தார். கடிதம் மேசையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை படிவமும் காயுமாக இழப்பீட்டு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். சோதிலிங்கம் பொத்தவில்லை, இருபது வருடப் பழக்கம்.