முட்டியில் ஒட்டிய நெல்

என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்தது என்னுடைய நெல்லில். தெருவில் எல்லோரும் அதை விபத்து என்றார்கள். வளைகுடாவில் ஒரு கிடங்கில் ஆறு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் அதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. விபத்து என்று ஒன்று கிடையாது, கவனக்குறைவுதான் உண்டு என்று அங்கே ஆட்களை வெயிலில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தவனே நான்தான்.

சம்பா அறுவடை முடிந்திருந்தது. ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். களத்தில் இடமில்லை. குடவாசல் பக்கம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வீட்டு வாசலில் போகும் தார் ரோட்டில் பாதியைப் பிடித்து நெல்லைப் பரப்பினேன். மற்றவர்கள் ஓரத்தில் நாலு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பயிற்சி பெற்றவன். கற்களை ஒரே இடைவெளியில் வரிசையாக வைத்தேன். இரண்டு முனையிலும் பெயிண்ட் டப்பாவில் மண்ணைப் போட்டு, குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டினேன். ஏழு வயது மகள் சைக்கிளில் வந்தாள். துணி காற்றில் படபடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டே நேராக நெல்லுக்குள் ஏறினாள்.

நான் பத்தடி தள்ளி, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவள் எழுந்து, அழுதுகொண்டே என்னைத் தாண்டி ஓடி, வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

நான் லீவில் வந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்தைந்து நாளும் என்னிடம் அவள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். காப்பி டம்ளரைச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். தோளில் கை போட்டால் மட்டும், நான் எடுக்கும்வரை அசையாமல் நிற்பாள். விருந்தாளியிடம் அப்படித்தான் நடக்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னும் ஐந்து நாளில் நான் கிளம்ப வேண்டும். இன்னொரு மூன்று வருஷத்துக்கு வருகிறாயா, இல்லையா என்று கம்பெனி கேட்டிருந்தது. பதில் எழுதாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். “அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க” என்று மனைவி சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. “போயிட்டு வாங்கப்பா” என்று மரியாதையாகவே சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அன்றைக்கு மனைவி திருவாரூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். போனைச் சார்ஜில் போட்டவள் அப்படியே மறந்துவிட்டாள். நான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவியின் நம்பர், வீடியோ கால். எடுத்தேன். திரை முழுக்க ஒரு முழங்கால் முட்டி, தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

“அப்பா, கீழ விழுந்துட்டேன்” என்றது முட்டி.

“தெரியும்மா, நான் வெளியதான் நிக்கிறேன். கதவைத் தொற.”

“வேணாம். நீங்க போன்லயே சொல்லுங்க.”

“ஏம்மா?”

“நேர்ல வந்தா தொடுவீங்க.”

நியாயம்தான். மூன்று வயதிலிருந்து அவளுக்கு எங்கே அடிபட்டாலும் அம்மாவின் போனை எடுத்து என்னைக் கூப்பிடுவாள். காயத்தைத் திரையில் காட்டுவாள். நான் அங்கிருந்து ஊதுவேன். மூன்றாவது ஊதலில், “வலி போயிடுச்சுப்பா” என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அதற்குள் எதிர் வீட்டு அக்கா உள்ளங்கை நிறையக் காப்பித்தூளோடு வந்துவிட்டார்.

“தம்பி, இத அப்பி விடுங்க. ரத்தம் கப்புன்னு நின்னுடும்.”

“புண்ணுல தூளெல்லாம் போடக்கூடாதுக்கா. முதல்ல கழுவணும். நான் முதலுதவிக்கு சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கேன்.”

அக்கா என்னையும் சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப உள்ள போய் கழுவுங்க” என்றார்.

அந்தப் பயிற்சியை நான் ஒரு ரப்பர் பொம்மையின் மேல் செய்தேன். பொம்மை கதவைத் தாழ் போடவில்லை. வேறு வழியில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து, போனிலேயே சிகிச்சையை ஆரம்பித்தேன். குளியலறைக்குப் போகச் சொன்னேன். குவளையில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றச் சொன்னேன். முதல் குவளை போனில் விழுந்தது. இரண்டாவது முட்டியில் விழுந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஊதினேன். என் ஊதல் சத்தம் உள்ளேயிருந்து எனக்கே கேட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். காப்பித்தூளை மட்டும் கீழே போடவில்லை.

“அப்பா, உள்ள ஒரு நெல்லு ஒட்டியிருக்கு.”

“இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா, வந்துடும்.”

“ஊத்திட்டேன். வரல.” பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். “நீங்களே எடுங்க. ஆனா போனை கட் பண்ணாதீங்க.”

உள்ளே போனேன். இரண்டு போனும் ஒரே அறையில் இருந்ததால் கீச்சென்று கத்தின. நான் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இடது கையில் போனை என் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வலது கையால் காயத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, போனில் இருந்த என்னைத்தான் பார்த்தாள். “வலிக்குதுப்பா” என்று அவரிடம்தான் சொன்னாள். அவர் ஊதினார். அந்த நேரத்தில் நான் தண்ணீரை ஊற்றி, துணி நுனியால் நெல்லை ஒத்தி எடுத்துவிட்டேன். என்னோடு வந்த முதலுதவிப் பெட்டியிலிருந்து களிம்பு தடவி, வலைத்துணி வைத்துக் கட்டினேன். ஒற்றைக் கையால் கட்டியதில் கட்டு கோணலாகத்தான் வந்தது.

சாயங்காலம் மனைவி வந்ததும் வராததுமாக, “யாரு கட்டி விட்டது?” என்று பதறினாள்.

“அப்பா. போன்ல” என்றாள் மகள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் கட்டு மாற்ற வேண்டும். அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். காலையில் அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போனைக் காணோம். எதிரில் உட்கார்ந்து, காலை நீட்டி என் மடியில் வைத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“ஊதிட்டு எடுங்க.”

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை ஊறவைத்துக்கொண்டே குனிந்து ஊதினேன். அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“காத்து வருது!”

“போன்ல ஊதினா வராதா?”

“போன்ல எப்படிப்பா காத்து வரும்?” அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் வலி போயிடுச்சுன்னு சொன்ன?”

“சொல்லலைன்னா நீங்க ஊதிக்கிட்டே இருப்பீங்க. பாவமா இருக்கும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையைக் குனிந்து கட்டைப் பிரித்தேன். இந்த முறை இரண்டு கையும் இருந்ததால் புதுக் கட்டு நேராக வந்தது. அவள் முட்டியை மடக்கி, நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“இது முழுசா ஆற எத்தன நாளாகும்?”

“பத்து நாளாவது ஆகும்.”

“அப்ப அடுத்த கட்டு?”

“நான்தான் கட்டுவேன்.”

“போன்லயா?”

“இல்ல. இங்கயேதான்.”

சரி என்று பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம்தான் கம்பெனிக்கு, வரவில்லை என்று எழுதினேன்.