மொட்டைத் தலையும் கடைவாய்ப் பல்லும்

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் முடி கொட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. திருத்தணியில் மொட்டைத் தலைக்கு யார் காரணம் கேட்கப்போகிறார்கள்?

எலும்பு வலுவுக்காக மாதாமாதம் மருந்து ஏற்றும் சென்னை மருத்துவர், "என்னைக் கேக்காம பல்லுல கை வைக்காதீங்க" என்று எச்சரித்திருந்தார். கடைவாய்ப் பல் வலியில் இவர் துடித்தபோது எனக்கு அது மறந்தேபோனது. உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் ஓடினோம்.

"புடுங்கிடலாம். மொட்டை வேண்டுதலா?" என்றார் அந்தப் பெண் மருத்துவர்.

"ஆங், வேண்டுதல்தாங்க" என்றார் இவர்.

மரத்துப்போகும் ஊசியை எடுத்தவர், "எலும்புக்கு எதுனா மருந்து ஏத்திகினு இருக்கீங்களா? எல்லாரையும் கேக்கறதுதான்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "புடுங்கியிருந்தா புண்ணு ஆறாம தாடை எலும்பே செத்துப்போயிருக்கலாம்மா."

சென்னை மருத்துவரிடம் போனில் பேசியபின், பல்லைப் பிடுங்காமல் வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றினார்.

இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும் உட்காருவதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். முருகனுக்குக் கொடுத்த முடி என்கிற கதை தெருவோடு நிற்கட்டும்.

- ஒரு வாசகி, திருத்தணி