கம்பளி கட்டிய கோல்கீப்பர்

நமச்சிவாயத்தைப் பற்றி எழுது, எழுது என்று நாலைந்து பேர் என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் அவன் பெரிய மனுஷனா, சின்ன மனுஷனா என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. பதினைந்து வருஷம் பழகியும் எனக்கு அது பிடிபடவில்லை. அவனுக்கே பிடிபடவில்லை, எனக்கு எங்கே பிடிபடப் போகிறது?

என் பெயர் நெல்லையப்பன். கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. 1904இல் நானும் நமச்சிவாயமும் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் ஒரே வகுப்பு. எனக்கு அவன் தூரத்து உறவும்கூட. பதினாறு வயசிலேயே ஆறடிக்கு வளர்ந்து நிற்பான். ஓடச் சொன்னால் பத்தடியில் மூச்சு வாங்கும். டிரில் மாஸ்டர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "நீ ஓடவே வேண்டாம், அங்கேயே நில்" என்று கோல் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். ஒரு மனுஷனின் வாழ்க்கை இப்படியா தீர்மானமாகும்? அவனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பந்து எந்தப் பக்கம் வரும் என்று உதைக்கிறவனுக்குத் தெரியும் முன்பே இவனுக்குத் தெரிந்துவிடும். நான் அவனுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆடியவன். எனக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அவனுடைய அப்பா சிவசைலம் பிள்ளைக்குச் சேரன்மகாதேவியில் ஆற்றுப் பாசன நிலம். காலையில் இரண்டு மணி நேரம் சிவபூஜை முடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மகன் பந்து பிடிக்கிறான் என்ற செய்தி யார் மூலமாகவோ அவர் காதுக்குப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை ரயிலேறி நானும் அவனோடு போயிருந்தேன். இலையில் சோறு விழும் முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

"ஏல, அந்தப் பந்து எதுல செஞ்சது?"

"தோலுலப்பா."

"என்ன தோலு?"

நமச்சிவாயம் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கத் தொடங்கினான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஆடுதியோ?"

"ஆடுதேன் மாமா. ஆனா நான் காலாலதான் உதைப்பேன். கையாலத் தொட மாட்டேன்."

"காலுன்னா சரி. காலுல செருப்பு போட்டுக்கிட்டுத்தானே திரியுதோம். கை அப்படியில்ல." பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "என் காலத்துக்குப் பெறவு பூஜைப் பெட்டி உன் கைக்கு வரணும். தோலைத் தொட்ட கைக்கு அது வராது. எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

கத்தவில்லை, அடிக்கவில்லை. அதுதான் வினை. அடித்திருந்தால் இவன் வீம்புக்காவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பான். அவனுக்குப் பூஜையும் உயிர். நாலு வயசிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வில்வம் கிள்ளிக் கொடுத்தவன். அன்றைக்குச் சாப்பிட முடியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

வழி கண்டுபிடித்தது அவன் அம்மா வடிவம்மாள். "பருத்தித் துணின்னா தீட்டு ஒட்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஒட்டாதுன்னு உங்க சாத்திரமே சொல்லுதே" என்று புருஷனையே மடக்கிவிட்டாள். அவர் விட்டத்தைப் பார்த்தபடி தலையை அசைத்தார்.

முதலில் பழைய பட்டுப் புடவையைக் கிழித்து இரண்டு கைக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஆடிய முதல் ஆட்டத்தில் பந்து வழுக்கி வழுக்கி ஐந்து கோல். அடுத்த வாரம் கருங்கம்பளி ஒன்றை வெட்டித் தைத்தாள். நம்மூர் வெயிலில் கம்பளிக்குள் கையை விட்டால் அவிந்துபோகும். சூடு தாங்காமல் நமச்சிவாயம் அதைத் தண்ணீரில் நனைத்தான். நனைந்த கம்பளியில் பந்து அட்டையாக ஒட்டியது. அதற்கப்புறம் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை.

ஊர் என்ன பேசியது தெரியுமா? "அது ஒரு வித்தை" என்றது. உண்மைக் காரணம் எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. படித்து முடித்து, டவுன் அணிக்கு அவன் ஆடத் தொடங்கியபோது கம்பளியும் கூடவே வந்தது. 1908இல் தூத்துக்குடித் துரைமார் அணியோடு ஒரு ஆட்டம். ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய தலைவன் வந்து கம்பளியைத் தடவிப் பார்த்து என்னவோ சொன்னான். ஆட்டம் பார்க்க வந்திருந்த எங்கள் பள்ளிப் பாதிரியார் அதைத் தமிழில் சொன்னார்: "அவங்க ஊரிலேயும் நல்ல கீப்பர்கள் ஈர நாளிலே கம்பளி உறை போடுவாங்களாம். உனக்கு யார் சொல்லிக்கொடுத்ததுன்னு கேக்கிறார்."

நமச்சிவாயம் முழித்தான். எங்கம்மா என்று சொல்லவும் முடியவில்லை. வண்ணாரப்பேட்டை வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது என்னைக் கேட்டான்.

"வே, இது ஆட்டத்துக்கான சங்கதியா, சாமிக்கான சங்கதியா?"

"ரெண்டும்தான்னு வச்சுக்கிடுமே."

"ரெண்டும் எப்படிவே ஒண்ணா இருக்கும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஜெயித்த நாளில் கேட்கிற கேள்வியா இது? பேசாமல் நட என்றேன். அவன் நடந்தான், ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. நல்ல கீப்பர் என்று யாராவது புகழ்ந்தால் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். என்னைப் புகழ்கிறார்களா, கம்பளியையா, அப்பாவையா என்பான். இப்படிப்பட்டவனோடு எத்தனை நாள்தான் பேச முடியும்?

1912இல் முழங்கால் வீங்கி ஆட்டத்தை விட்டான். நாங்கள் படித்த பள்ளியிலேயே டிரில் மாஸ்டர் வேலை கிடைத்தது. மறு வருஷம் சிவசைலம் பிள்ளை காலமானார். பூஜைப் பெட்டி சொன்னபடி இவன் கைக்கு வந்தது. அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். இவனோ விடியற்காலையில் பூஜை, சாயங்காலம் மைதானம், கையில் அதே கம்பளி. பிள்ளைகளுக்குப் பந்தை எறிந்து பழக்கும்போதும் கழற்ற மாட்டான். கீப்பராக நிற்கிற ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஜோடி தைத்துக் கொடுப்பான். ஏன் என்று கேட்டால், "துரைமாரே போடுதாங்கலே" என்பான். ஆழ்வார்குறிச்சியிலிருந்து களக்காடு வரைக்கும் இது பரவிவிட்டது. மேலப்பாளையத்துக் கீப்பர் பீர் முகம்மதுகூட வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு கம்பளியோடு நின்றான். அவனுக்கு என்ன பூஜை, என்ன பெட்டி! நான் சிரித்தேன். நமச்சிவாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

1916இல் பள்ளி அணிக்கு முப்பிடாதி வந்தான். பாளையங்கோட்டைச் சந்தைப் பக்கம் செருப்புத் தைக்கும் மாடனுடைய மகன். பள்ளிப் பந்துகளையும் மாடன்தான் தைப்பார். தைத்து முடித்ததும் காற்றடித்து, சரியாக இருக்கிறதா என்று மகனிடம் எறிந்து பார்ப்பார். நடக்கப் பழகியதிலிருந்து பந்து பிடித்த கை அவனுடையது. அப்படி ஒரு கீப்பரை நான் பார்த்ததில்லை. உன்னைவிடவும் ஒரு படி மேல் என்று நமச்சிவாயத்திடமே சொன்னேன். "ஆமாவே" என்று சந்தோஷமாகத் தலையாட்டினான். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. வழக்கம்போல் ஒரு ஜோடி கம்பளி தைத்துக் கொடுத்தான்.

முப்பிடாதி அதைப் போட்டுக்கொண்டால் தடுமாறினான். பந்தின் தையலை விரலால் உணர்ந்து பிடிக்கிறவனுக்குக் கம்பளி இடைஞ்சல். ஆனாலும் வாத்தியார் சொல்லைத் தட்டவில்லை. பள்ளிகளுக்கான கோப்பையின் அரையிறுதி ஆட்டம், தூத்துக்குடிப் பள்ளியோடு. பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல். இரண்டும் கைக்கு வந்து நழுவியவை. இடைவேளையில் பையன்கள் எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டிருக்க, அவன் நமச்சிவாயமும் நானும் நின்ற இடத்துக்கு வந்தான்.

"சார், இதைக் கழத்திரட்டா?"

"போட்டுக்கோ. வழுக்காது."

"வழுக்குது சார். எனக்கு வெறுங்கையிலதான் பந்து நிக்கி. இது எதுக்கு சார், பந்துக்கும் கைக்கும் நடுவுல?"

துரைமார் கதையைச் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். நமச்சிவாயம் என்னைப் பார்த்தான், மைதானத்தைப் பார்த்தான், பிறகு மெல்லச் சொன்னான்:

"அது பந்துக்காக இல்லலே. தோலைத் தொடக் கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு. அதுக்காக நான் போட்டது."

மாடன் மகனிடம் இதைச் சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முப்பிடாதி கம்பளியைக் கழற்றி நீட்டினான். நமச்சிவாயத்தின் கை பாதிவரை வந்து நின்றது.

"அங்கன வையி" என்றான்.

பையன் தரையில் வைத்துவிட்டு ஆடப் போனான். இரண்டாம் பாதியில் ஒரு பந்தும் அவனைத் தாண்டவில்லை. நாங்கள் ஒரு கோல் போட்டோம், போதவில்லை. தோற்றோம். அந்த இரண்டு கோலும் கம்பளி வாங்கிய கோல்.

எல்லோரும் கலைந்த பிறகு முப்பிடாதி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். கோபமாக வந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்த முகம்.

"அப்போ இத்தன வருசத்துல நீங்க ஒரு நாளுகூடப் பந்தைத் தொட்டதே இல்லியா சார்?"

ஜில்லாவிலேயே பேர்போன கீப்பரிடம் கேட்கிற கேள்வி!

"தொட்டுப் பாருங்க சார். எங்கய்யா போன வாரம் தச்சது. தையல் இங்கன ஓடுது பாருங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினான்.

நமச்சிவாயத்தின் வெறுங்கைகள் உயர்ந்தன. பந்துக்கு ஒரு சாண் இப்பால் அவை நின்றுபோயின. முப்பிடாதி கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, பந்தையும் தரையில் வைத்தான். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கம் போனான். அதற்கப்புறம் அவன் மைதானத்துக்கு வரவில்லை.

நமச்சிவாயம் நீட்டிய கையை இறக்காமலே என்னைக் கேட்டான்: "எங்கப்பா செத்து மூணு வருசமாச்சேவே. இப்ப என் கையை யாருவே பிடிச்சா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.