வெங்காயக் கொட்டிலில் ராத்தா எனக்குத் தந்த பங்கு

தந்தவனும் அவன், திருப்பி எடுத்துக்கொண்டவனும் அவன். இடையில் இவ்வளவு காலம் என் கூடப்பிறந்த மூத்தவர் ராத்தாவை எங்களிடம் விட்டு வைத்திருந்ததற்காக அவனைப் புகழ்ந்துகொண்டு தொடங்குகிறேன்.

ராத்தா மௌத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. குர்ஆன் கத்தம் ஓதும் நாளில் நினைவு மலர் ஒன்று அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். என்னிடம் வந்து, "சாச்சி, பெரியம்மாட பொறுமையப் பத்தியும் நல்ல குணத்தப் பத்தியும் எழுதித் தாங்க" என்றார்கள். அதையெல்லாம் மற்றக் கட்டுரைகளில் நிறையவே எழுதியிருக்கிறார்கள், வாசித்தேன். எனக்கு எழுத வருவது வேறு. ராத்தாமேல் எனக்கு வாழ்நாள் முழுக்க எரிச்சல் இருந்தது. பொறாமை என்றே சொல்லலாம். அதை மறைத்துவிட்டு எழுதினால் என் ராத்தாவைப் பற்றி எழுதியதாக ஆகாது.

ராத்தா பிறந்தது கற்பிட்டியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் பழைய வீட்டில். வாப்பா கடல் தொழில். உம்மா கரையில் கருவாடு போடுவார். வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். உம்மா கரைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்வது ராத்தாவின் வேலை. அழும் என்னைத் தேற்ற அவரிடம் இருந்தது கதை ஒன்றுதான். லெப்பையிடம் குர்ஆன் ஓதப் போய்க் கேட்டு வந்த நபிமார் கதைகளை அப்படியே எனக்குச் சொல்வார். மீன் வயிற்றில் இருந்த நபி யூனுஸ் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதையைச் சொன்னபோது, வாப்பாவையும் மீன் விழுங்கிவிட்டது என்று நினைத்து நான் ஊரைக் கூட்டிவிட்டேனாம். வாப்பா கரையேறி வந்து என்னைத் தூக்கும்வரை அழுகை நிற்கவில்லை என்று உம்மா சொல்லிச் சிரிப்பார். கொட்டிலில் கதை கேட்ட பிள்ளைகள் எல்லோரும் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதைகள் முதன்முதலில் சொல்லப்பட்டது எனக்கு.

சாதாரண தரப் பரீட்சையோடு ராத்தாவின் படிப்பு நின்றது. மாம்புரியில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தோம். மச்சான் நல்ல மனிதர். ஆனால் பிள்ளை கிடைக்கவில்லை, மச்சானுக்கும் ஆயுள் கெட்டியில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவே இல்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து ராத்தா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வளவுக்குத் திரும்பி வந்தார். அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி ஹஸ்னா மடியில் இருந்தாள்.

எங்கள் வளவின் ஓரத்தில் என் கணவரின் வெங்காயக் கொட்டில் இருந்தது. சின்ன வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் காய விடுகிற ஓலைக் கொட்டில். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா அங்கே பாய் விரித்து என் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கரைப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். கொஞ்சக் காலத்தில் பாய் போதவில்லை. வெங்காயத்தை வேறு இடத்துக்கு மாற்றும்படி என் கணவர் ஆட்களிடம் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெங்காயம் போனாலும் வாசம் போகவில்லை, அங்கே கதை கேட்ட பிள்ளைகள் எல்லோரும் வெங்காயம் மணக்க மணக்கத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

ராத்தா கதை சொல்லும் விதம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். அவர் கதையைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார். நபி சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதை என்றால் இந்த மூலையில் இருப்பவர்கள் எறும்புகள், அந்தப் பிள்ளை ஹுத்ஹுத் பறவை. நபி நூஹ் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதை என்றால் சிலர் பலகை, சிலர் ஆடு மாடு, மீதிப்பேர் வெள்ளம். ஆனால் நபிமாருக்கு மட்டும் ஆள் வைக்க மாட்டார். அது எங்கள் மார்க்கத்தில் ஆகாது. பாயின் நடுவில் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். எல்லோரும் அந்த வெறும் இடத்தைப் பார்த்துத்தான் தங்கள் பங்கைச் சொல்ல வேண்டும். எந்தக் குறும்புக்காரப் பிள்ளையும் அதில் கால் வைத்ததை நான் பார்த்ததில்லை. குர்ஆனில் இல்லாத ஒன்றையும் கூட்டிச் சொல்ல மாட்டார். எறும்பின் பெயர் என்ன என்று கேட்டால், "அல்லாஹ் எங்களுக்குச் செல்லல்ல மகன், நானும் செல்ல மாட்டன்" என்பார்.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் என் பிள்ளைகள் என்னைவிட்டுப் போய்விட்டார்கள். ஹஸ்னா விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் என்னைத் தாண்டி ஓடி "பெரியம்மா" என்று அழுவாள். பெற்றவள் கையில் மருந்துப் போத்தலோடு வாசலில் நிற்பேன். "பெரியம்மா" என்பது என் பிள்ளைகள் கூப்பிட்ட முறை. அதைக் கேட்டுக் கேட்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப் போக வந்த இளம் தாய் ஒருவர் வாசலில் நின்று "ராத்தா, ராத்தா" என்று கூப்பிட்டார். எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியாது. "டீச்சர் என்டு கூப்பிடுங்க புள்ள. அவ எனக்குத்தான் ராத்தா" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாய் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மறுபக்கத்தால் போவார்.

ஹஸ்னாவை என் பக்கம் இழுக்க வேண்டும் என்று நானும் கதை சொல்லிப் பார்த்தேன். ஒரு பகல் அவளை மடியில் வைத்துக்கொண்டு கப்பலின் கதையைத் தொடங்கினேன். ஆடு ஏறியது, மாடு ஏறியது, கோழி ஏறியது. அவள் கண் கொட்டாமல் பார்ப்பதைக் கண்டு எனக்கு உசார் கூடிவிட்டது. "மீனும் சோடி சோடியா ஏறிச்சி" என்றேன்.

ஹஸ்னா மடியில் இருந்து இறங்கினாள். "மீன் என்னத்துக்கும்மா கப்பல்ல ஏறணும்? வெள்ளம்தானே மீனுக்கு ஊடு?"

மீன்காரனுக்குப் பேத்தி, வேறு எப்படிக் கேட்பாள்? நேரே கொட்டிலுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். ராத்தா சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன். "மீனப் பத்தி அல்லாஹ் ஒண்டும் செல்லல்ல மகள். உங்கட உம்மாக்கு மீன்ட மேல நல்ல இரக்கம், அதான்" என்றார். பிள்ளை திருப்தியோடு அவர் தோளில் சாய்ந்துகொண்டது. அன்றைக்கு நான் ஆக்கிய ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது என்று என் கணவர் சொன்னார். கூடத்தானே செய்யும்.

நபி யூஸுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதையை ராத்தா வருடத்தில் ஒருமுறைதான் எடுப்பார், பல நாள் சொல்வார். அதற்கு ஆள் நிறைய வேண்டும். கிணறு, ஓநாய், வாளி, சட்டை, ஒட்டகக் கூட்டம் என்று பங்கு பெருகிப் போகும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் தாய்மாரையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார். எனக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே பங்குதான். யூஸுப் நபியின் அண்ணன்மாரான நானாமாரில் மூத்தவர். அவர்கள் சொல்லும் வார்த்தையை நான் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். "எங்களைவிட யூஸுப்தான் வாப்பாவுக்கு விருப்பம்."

இத்தனை பேர் இருக்க அந்த வார்த்தையை என் வாயில் ஏன் வைக்க வேண்டும்? வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். என் மனதில் இருப்பதைக் கண்டுபிடித்து ஊர்ப் பெண்களுக்கு முன்னால் என்னைக்கொண்டே சொல்ல வைக்கிறார் என்று முகம் கொதிக்கும். சொல்லிவிட்டு, சோறு அடிப்பிடிக்குது என்று எழும்பி வந்துவிடுவேன். ராத்தா பின்னால் நின்று கூப்பிடுவார்.

"கதை முடியிற மட்டும் இரி. உன்ட பங்கு இன்னம் முடியல்ல."

"என்ட பங்கு எனக்குத் தெரியும். எரிச்சல்காரி பங்கு" என்பேன். ஒரு வருடமும் கடைசிவரை இருந்ததில்லை. யூஸுப் சூராவை ஓத எனக்குத் தெரியும். ஆனால் ராத்தாவின் வாயால் அந்தக் கதையின் முடிவை நான் கேட்டதில்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஹஸ்னா படித்து, கல்யாணம் முடித்து, இப்போது பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறாள். கொட்டிலுக்கு ஓலை போய்த் தகரம் வந்தது. ராத்தா மட்டும் அதே இடத்தில் கதிரை போடாமல் பாயிலேயே இருந்தார். பிறகு நெஞ்சில் நீர் கட்டும் வருத்தம் வந்தது. முதலில் மூச்சுக் குறைந்தது, பிறகு குரல் குறைந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே நோயாளியோடு ஒருவர்தான் நிற்கலாம். பின்னேரம் பார்க்க வந்தவர்கள் வாட்டை நிறைத்துவிட்டார்கள். தாடி வைத்த ஆட்கள், வேலைக்குப் போகும் பிள்ளைகள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள், எல்லோரும் ஒரு காலத்தில் எறும்பாகவும் ஆடாகவும் இருந்தவர்கள். யார் நிற்பது என்று கட்டிலைச் சுற்றி ஒரே கதை. "நான் நிக்கிறன்", "இல்ல, நான் லீவு போட்டுட்டு வந்திரிக்கன்" என்று ஆளுக்கு ஆள் நின்றார்கள். ஹஸ்னா ராத்தாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவராவது என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பிள்ளை, "சாச்சி, உங்களுக்கும் வயசு பெய்த்து. நீங்க ஊட்ட போய்ப் படுங்க" என்றது.

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. ராத்தாவிடமிருந்து ஹஸ்னாவைப் பிடுங்க வேண்டும் என்ற எரிச்சல் அல்ல அது. ஹஸ்னா பிடித்திருந்த அந்தக் கை எனக்கு வேண்டும். இத்தனை வருடமும் நான் பொறாமைப்பட்டது ராத்தாமேல் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் இந்தப் பிள்ளைகள்மேல். என் கதைக்காரியை இவர்கள் எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய்விட்டார்கள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொல்லிவிட்டேன். "நான் இந்த இடத்த விட்டு அசைய மாட்டன். ராத்தா போ என்டு செல்லட்டும், போறன். இல்லாட்டி அல்லாஹ் ஒரு முடிவு தரட்டும். ஒருத்தரும் என்னக் கிளப்ப வர வாணாம்."

ராத்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கிறார் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மூத்த நானா," என்றார் மெதுவாக. "இப்பதான் உன்ட வசனம் வந்திரிக்கி."

நான் விளங்காமல் ஹஸ்னாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். "உம்மா, மிஸ்ர் நாட்டுல தம்பியப் புடிச்சி வச்சாப் பொறகு மத்த நானாமார் எல்லாரும் திரும்பிப் போறாங்க. மூத்த நானா மட்டும் போகல்ல. வாப்பா உத்தரவு தாற மட்டும், இல்லாட்டி அல்லாஹ் ஒரு முடிவு தாற மட்டும், இந்த மண்ண விட்டுப் போக மாட்டன் என்டு நிக்கிறாரு. நீங்கதான் ஒரு வருசமும் அந்த இடம் வரைக்கும் இருந்ததில்லையே."

அவள் ராத்தாவின் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு எழும்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அதற்குப் பிறகு ராத்தா அதிக நாள் இருக்கவில்லை. இருந்த நாட்களில் மிச்சக் கதையை எனக்குச் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தி நிறுத்தி, ஒரு பிள்ளையும் பக்கத்தில் இல்லாமல், எனக்கு மட்டும் சொன்னார். நபி யூஸுப் அவர்களின் வாப்பாவின் முகத்தில் மகனின் சட்டையைப் போட்டதும் பார்வை திரும்பிய இடத்தை எப்படிச் சொன்னார், இடையில் என்னிடம் என்ன சொன்னார் என்பதையெல்லாம் மலருக்கு எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். தர மாட்டேன். உங்களிடம் அவர் சொன்ன கதைகள் எவ்வளவோ இருக்கின்றன. இது என்னுடையது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வாட்டில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், ஜனாஸா வீட்டுக்கு வந்த எல்லோருக்கும், கபுறு தோண்டிய பிள்ளைகளுக்கும், இத்தனை வருடமும் கொட்டிலுக்குக் கூரை மாற்றித் தந்த என் கணவருக்கும் எங்கள் நன்றி. தலவிலயிலிருந்து மீன் கொண்டு வரும் அக்கா, ராத்தா படுத்த நாளிலிருந்து கஞ்சி கொண்டு வந்தார். அவர்களின் தேவாலயத் திருவிழா நாளில்கூட கடலையோடு வந்து நின்றார். "உங்கட யூனுஸ் நபிதான் எங்கட யோனா" என்று அவரும் ராத்தாவும் மீன் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கதைப்பதைப் பார்த்து அவர்மேலும் நான் எரிச்சல்பட்டது உண்டு. அவருக்கும் நன்றி. யாருக்காவது ராத்தா கடன்பட்டிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அவரது கபுறை விசாலமாக்கும்படி துஆ கேளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஹஸ்னா இப்போது பின்னேரங்களில் வந்து அதே கொட்டிலில் கதை சொல்கிறாள். முதல் நாள் பாய் விரித்தபோது சின்னப் பிள்ளைகள் நடுவில் இரண்டு இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒன்று ஏன் என்று தெரியும். மற்றது யாருக்கு என்று ஹஸ்னா கேட்டாள். "பெரியம்மாக்கு" என்றார்கள்.

ஹஸ்னா திடுக்கிட்டுவிட்டாள். "அப்படி உடக் கூடா மகள். அந்த இடம் நபிமாருக்கு மட்டும்தான். பெரியம்மா எங்களப் போல ஆள். அவட இடத்துல ஆள் இரிக்கணும்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். "உம்மா, நீங்க வந்து இரிங்க."

போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அடுப்பில் சோறு இருக்கத்தான் செய்தது. பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டது.

"நீங்களும் எங்களுக்குப் பெரியம்மாவா?"

"இல்ல மகள்," என்றேன். "உங்க எல்லாருக்கும்தான் அவ பெரியம்மா. எனக்கு ராத்தா."

அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.