குப்பை வாளியில் கிடைத்த கட்டி

எங்கள் ஆய்வகத்தில் எலும்பைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறவளுக்குச் சிடுமூஞ்சி அக்கா என்று பெயர். வைத்தது நான்தான், பக்கத்து மேசையில் ரிப்போர்ட் தட்டச்சு செய்து தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? போனை எடுக்கும்போதே எரிந்து விழுவாள். "எலும்பு ஆசிட்ல ஊறணும் சார். நீங்க கத்தினா இளகிடுமா?"

அந்த முறை வந்தது ஒரு தையல்காரரின் கால் எலும்புத் துணுக்கு. ஒரே காலில் மூன்று எலும்புகளில் ஓட்டை. இரண்டு முறை துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். இரண்டிலும் வெறும் எலும்புதான். அறுவை மருத்துவருக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று இடத்தில் இருந்தால் பரவிய புற்றுதான், இந்த முறையும் தெரியாவிட்டால் காலை எடுத்துவிடலாம் என்றார்.

மூன்றாவது குப்பியிலும் கல் மாதிரி எலும்பு. அக்கா ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டாள்.

"வேற ஒண்ணுமே வரலையா?"

"ரத்தம்தான் கெட்டியா நிறைய வந்துச்சு. பஞ்சுல துடைச்சுப் போட்டுட்டோம்," என்றாள் நர்ஸ்.

"அடிப்பாவி! எலும்புல ரத்தக் குழாய்க் கட்டின்னு ஒண்ணு வரும், பார்த்தா வெறும் ரத்தம் மாதிரிதான் இருக்கும். வாளியைத் தொடாதீங்க, வரேன்!"

மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறினாள். எல்லாரையும் முறைத்துக்கொண்டே ஈரம் காயாத பஞ்சிலிருந்து துணுக்குகளைப் பொறுக்கினாள். அதை ஆசிட்டில் போடவில்லை. போட்டால் கட்டியை அடையாளம் காட்டும் சாயம் சரியாகப் பிடிக்காது. ஒரு சாயத்துக்கு வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பதினோரு நாள். மருத்துவர் தினமும் கத்தினார்.

"காலை எடுத்தா எடுத்ததுதான் சார். நாலு நாள் பொறுத்தா குடியா முழுகிடும்?"

அவள் சொன்னதுதான் சரி. அபூர்வமான ரத்தக் குழாய்க் கட்டி. ஒரே காலில் பல எலும்புகளில் முளைக்கக்கூடியது, ஆளைக் கொல்லும் ரகமில்லை. சுரண்டி எடுத்தால் போதும்.

மூன்று மாதம் கழித்துத் தையல்காரர் ஆய்வக ஜன்னலுக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"ஒரு ரிப்போர்ட்டுக்குப் பதினோரு நாளா? என் பொண்டாட்டி சோறு தண்ணி இல்லாம கிடந்தா. உங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா?"

கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜன்னல் வழியே எட்டி அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ஒரு நாற்காலியாவது போடட்டுமா அக்கா?"

"வேணாம்," என்றாள். "நின்னுக்கிட்டே திட்டட்டும்."