காதளவு உயராத கை

பணிநேரத்தில் காயம்பட்டவருக்கே அறுவை சிகிச்சைப் பரிந்துரையில் முன்னுரிமை. எங்கள் கிடங்கு அலுவலகத்தின் விதி அது. அலோன் படகுத்துறையில் சரிந்துவந்த அரிசி மூட்டையை வலக்கையை உயர்த்தித் தாங்கி நான் தோளைக் கெடுத்துக்கொண்டது பணிநேரத்தில். அதே அலுவலகத்தில் இருந்த என் மச்சினன், ஞாயிற்றுக்கிழமை கைப்பந்து ஆடி விழுந்து தோளைக் கழற்றிக்கொண்டவன். யாருக்கு முதலில் சிகிச்சை நடந்திருக்கும் என்று விதி தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். தவறாகத்தான் சொல்வார்கள்.

சட்டை மாட்டும்போதுகூட அவன் தோள் கழன்றுவிடும். மூட்டுக்குழியின் விளிம்பிலிருந்து பிய்ந்த சவ்வை எலும்போடு சேர்த்துத் தைத்தால் நின்றுவிடும் என்றார்களாம். விண்ணப்பம் எதுவும் எழுதாமல், அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் லான்மடாவில் மாலையில் நடத்திய சொந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்துகொண்டான். சில வாரங்களில் தையல் போட்டு, கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி வந்து நின்றான். நானோ முறைப்படி எழுதியிருந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லையே, பிறகு காயம் எது என்று மேலிடம் கேட்டது. கிழிந்தது தசைநார், அது எக்ஸ்ரேயில் தெரியாது என்று உரிய வழியில் விளக்கம் அனுப்பினேன்.

தூளியை அவிழ்த்துத் தோள் தேறியபின், வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் என் பக்கத்தில் நிற்பான். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் சொல்லும்போது அவனுடைய இரு கைகளும் சிரமமின்றிக் காதுவரை உயரும். என் வலக்கை நெஞ்சோடு நின்றுவிடும். தொழும்போது பக்கத்து ஆளைப் பார்க்கக் கூடாது என்பதும் விதிதான். பார்த்தேன். அந்தத் தோள் மறுபடி கழன்றால் என்ன என்று, அல்லாஹ்வின் முன் நின்றபடியே நினைத்தேன்.

ஒருநாள் தொழுதுவிட்டு வெளியே வரும்போது சொன்னான்:

"மச்சான், திங்கக்கிழமை என்கூட வாங்க. சயாகிட்ட நான் பேசுறேன். பேப்பரா வந்து தோளைத் தைக்கப் போவுது?"

சயா என்று அவன் சொன்னது அந்த மருத்துவரை.

"மனு போய்க்கிட்டிருக்குப்பா. நடுவுல வேற வழியில போனா மனு செத்துரும்."

"மனு சாவட்டும் மச்சான். கை?"

கேட்டுக்கொண்டே குனிந்து என் செருப்பையும் எடுத்துப் போட்டான், தைத்த கையால். அதற்காகவே நான் போகவில்லை.

இப்போதும் அவன் பக்கத்தில்தான் தொழுகிறேன். ஓய்வூதியம் இருவருக்கும் வருகிறது. கை அவனுக்கு மட்டும் உயர்கிறது. கிழிந்த தசைநார் காத்திருக்காது. சுருங்கி உள்ளே போய்விடும், தசை கொழுப்பாகிவிடும், பிறகு இழுத்தாலும் எலும்பை எட்டாது. இதை அந்த மருத்துவர் சொன்னது, அனுமதிக் கடிதத்தோடு நான் போய் நின்றபோது. என் முன்னுரிமை முழுமையாக ஏற்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. அது வந்தது, இரண்டு மழைக்காலம் கழித்து, புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு அலுவலகம் மூடிய நாளில்.