வாரம் ஒரு பொய் சொல்லும் டீச்சர்

மற்ற பாடங்களில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்களோ என்று டீச்சருக்குப் பயம். யோசிக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் விழித்துக்கொள்வார்களோ என்று பயம்.

சாக்பீஸ் தூளைச் சுவாசித்தே பிழைப்பு நடத்தும் என் இனத்தாரே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், யார் எதைச் சொன்னாலும் 'எப்படித் தெரியும்?' என்று கேட்கப் பழக்குகிறேன். ஹெட்மாஸ்டர் மலையாளி, நல்ல மனிதர். பீரியடைக் கொடுக்கும்போதே ஒரு கொக்கி போட்டுத்தான் கொடுத்தார். ஓணத்துக்கு முன்னால் நடக்கும் பி.டி.ஏ. கூட்டத்தில் பெற்றோர் சம்மதித்தால் தொடரலாம், இல்லையென்றால் அது கணக்கு சாருக்கு. "டீச்சரே, கணக்குப் பாடத்தைப் பத்தி யாரும் கம்ப்ளெயிண்ட் பறைய மாட்டா, கேட்டோ" என்றார்.

சொல்ல மறந்த பொய்

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நான் பேசும்போது வேண்டுமென்றே ஒரு பொய்யை நடுவில் செருகிவிடுவேன். பீரியடு முடிவதற்குள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, பொய் என்று எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை திசைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனதில் பொய்யைச் செருக மறந்துவிட்டேன். அது தெரியாமல் பிள்ளைகள் மும்முரமாகத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று நானும் கமுக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

பின் பெஞ்சிலிருந்து இசக்கி எழுந்தாள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஆறுமுகம் அண்ணாச்சியின் மகள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'பிரசண்ட் டீச்சர்' என்பதோடு அவள் பேச்சு அன்றைக்கு முடிந்துவிடும். அன்று அந்தப் பிள்ளை எழுந்து நின்றதே எனக்கு ஆச்சரியம். சூரியன் தினமும் நேர் மேற்கில் மறைகிறது என்று நான் போகிற போக்கில் சொன்னதைத்தான் அவள் பிடித்திருந்தாள். இத்தனை வருஷமாக நான் மனதார நம்பிச் சொல்லிவந்த விஷயம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மெல்லிய குரலில் பதில் வந்தது: "தினமும் நேர் மேற்கிலதான் மறையும்னா, கிழக்கேகோட்டையில கோயில் கோபுர ஜன்னல் வழியா சூரியன் நேரா இறங்குறதப் பாக்க வருஷத்துல ரெண்டு தடவ மட்டும் ஏன் டீச்சர் கூட்டம் கூடுது?"

மழை லீவு

எங்கள் ஊரில் மழை வலுத்தால் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதில்லை, கலெக்டர் லீவு விட்டாரா என்று போனைப் பார்ப்பார்கள். ஜூலையில் ஒரு ராத்திரி அந்தச் செய்தி வாட்ஸப்பில் வந்தது: நாளை எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை. கணக்கு சார் அதை ஸ்டாஃப் குரூப்பில் போட்டு, கூடவே கை கூப்பும் படம் ஒன்றும் போட்டார். மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. எதற்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் குடையும் கையுமாகப் போனால், கணக்கு சாரையும் இன்னும் பாதி சார்களையும் காணோம். எட்டாம் வகுப்பு மட்டும் நிறைந்திருந்தது.

செய்தியில் இருந்த தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லையாம். போன வருஷச் செய்தியை யாரோ திரும்பவும் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து வகுப்பு முழுக்கச் சொன்னது இசக்கிதான். லீவு கிடைக்கிறது என்றால் நானே கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள். உனக்கு மட்டும் சந்தேகம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மெய் சிலிர்த்தது. நான் போன பயிற்சி வகுப்புகளில் ஒருவரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "எனக்கு லீவு வேணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு டீச்சர், அதனாலதான் ரெண்டாவது தடவ வாசிச்சேன்."

அரிசிக் கடையில் ஒரு கேள்வி

அடுத்து வந்தது வினை. சனிக்கிழமைகளில் இசக்கி அப்பாவின் கடையில் இருப்பாள். வழக்கமாக வாங்கும் ஹோட்டல்காரர் ஒருவர் வந்து, பழைய அரிசிதானே, சோறு குழையாதே என்று விசாரித்திருக்கிறார். ஒரு வருஷத்து அரிசி என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற மகள், மூட்டை போன வாரம்தானே வந்தது, ஒரு வருஷம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டாள். மில்லிலேயே ஒரு வருஷம் வைத்துப் பழசாக்கிய அரிசி என்று அண்ணாச்சி விளக்குவதற்குள், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஹோட்டல்காரர் எதிர்க்கடைக்குள் நுழைந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி பள்ளி வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கூட்டத்தில் இந்த பீரியடை நிறுத்தச் சொல்லப் போவதாகச் சொன்னார். நான் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்ந்து சமாளிக்கப் பார்த்தேன். எடுபடவில்லை. அந்த பீரியடு போனால் இசக்கி மறுபடியும் 'பிரசண்ட் டீச்சர்' ஆகிவிடுவாளே என்று பயந்தேன். அண்ணாச்சி போகும்போது சொன்னார்: "எம் மவ பேசமாட்டாளேன்னு ஒரு காலத்துல கவலப்பட்டேன் டீச்சர், இப்ப கடைக்கு வந்து பேசிட்டாளேன்னு கவலப்படுதேன்."

ஆமா, அதுதான்

எங்கள் வகுப்பின் இன்னொரு சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எதிர்த்துப் பேசுகிறவர், எதிராளியின் கட்சியை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். எதிராளி அதைக் கேட்டு 'ஆமா, அதுதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எதிர்க்கலாம். பெரியவர்களிடம் இது நடக்காது என்று நினைத்து, பி.டி.ஏ. கூட்டத்துக்கு நான் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். பிள்ளைகளும் பின்னால் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி எழுந்து, இந்த பீரியடு பிள்ளைகளை மரியாதையில்லாமல் ஆக்குகிறது, நிறுத்துங்கள் என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தார். பல தலைகள் ஆடின. கணக்கு சார் டைம்டேபிளைப் பார்க்க ஆரம்பித்தார். நான் எழுவதற்குள் இசக்கி முன்னால் வந்துவிட்டாள். அப்பா சொன்னதை ஒருமுறை தான் சொல்லிப் பார்க்கலாமா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

"நான் கேட்டதுக்கு அப்பாவுக்குக் கோவம் இல்ல. ஆள் முன்னால கேட்டதுதான் வருத்தம். கடைக்கு வாறவங்க அப்பா வாக்க நம்பித்தான் வாறாங்க. என் கேள்வி அந்த வாக்கு மேல விழுந்துட்டு. கேக்கச் சொல்லிக் கொடுத்துட்டு, எங்க வச்சுக் கேக்கணும்னு சொல்லிக் கொடுக்கலன்னா அது பாதிப் பாடந்தான். அதான் நிறுத்தணும்னு சொல்லுதாங்க" என்றாள். பாதிப் பாடம் என்பது என்னைப் பற்றி. அதுவும் நிஜம். எங்கள் சட்டம் அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே, "ஆமா, அதுதான்" என்றார். பின் வரிசையில் எட்டாம் வகுப்பு மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது.

இனி எதிர்த்துப் பேசட்டுமா என்று இசக்கி அப்பாவிடம் அனுமதி கேட்டாள். அண்ணாச்சி வேண்டாம் என்று கை காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எம் மனசுல கெடந்தத எனக்கே சொல்லத் தெரியல, இவ சொல்லிட்டா. பீரியடு நடக்கட்டும் சாரே. டீச்சர், மீதிப் பாடத்தையும் சேத்துச் சொல்லிக் குடுங்க."

இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் தெரிந்து ஒரு பொய்யும் தெரியாமல் சிலதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்கும் அந்தப் பிள்ளைகள், சம்பளம் மட்டும் ஏன் எனக்கு வருகிறது என்று இதுவரை கேட்காதிருப்பது அவர்களுடைய பெருந்தன்மை.